எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு முதல் தடவ போறவங்க கேக்கற கேள்விகள்

சொந்த ஊர் வரலாறு எழுதறவங்க, கோயில் நிலத்துக்கு பேப்பர் தேடறவங்க, பிஎச்டி சேர்ந்த பசங்கன்னு நிறைய பேர் எழும்பூர்ல இருக்கற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு (ஆர்கைவ்ஸ்) போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரே மாதிரி சந்தேகங்கள கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றத ஒரே எடத்துல எழுதி வச்சா உதவியா இருக்கும்னு தொகுத்திருக்கேன். கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

ஆர்கைவ்ஸ்னா பெரிய லைப்ரரி தானே? உள்ள போயி புக் எடுத்து படிக்கலாமா?

லைப்ரரி இல்லீங்க. லைப்ரரில இருக்கறது யாரோ வாசகருக்காக எழுதின புத்தகம். இங்க இருக்கறது அரசாங்கம் தன் வேலைக்காக எழுதி வச்ச காகிதம், அதாவது கலெக்டர் எழுதின கடிதம், அதுக்கு வந்த உத்தரவு, வரிக் கணக்கு, மனு, அந்த மனு மேல ஆபீசர் போட்ட குறிப்பு இதெல்லாம். நம்ம ஒரு நாள் வந்து படிப்போம்னு யாரும் நெனச்சு எழுதல, அதனாலதான் அதுக்கு அவ்வளவு மதிப்பு.

அலமாரி பக்கம் நீங்களா போக முடியாது. ரிசர்ச் ஹால்ல உக்காந்து, என்ன வேணும்னு சீட்டுல எழுதி குடுத்தா ஊழியர்கள் உள்ள போய் எடுத்துட்டு வந்து குடுப்பாங்க. பாத்துட்டு அங்கயே திருப்பி குடுத்துடணும்.

எங்க இருக்கு? எவ்வளவு பழைய ரெக்கார்ட் வரைக்கும் கிடைக்கும்?

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிர்லயே, காந்தி இர்வின் ரோட்ல இருக்கற செங்கல் சிவப்பு கட்டடம். 1909-ல கட்டினது. அதுக்கு முன்னாடி ரெக்கார்டெல்லாம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருந்துச்சு. பழைய ஆளுங்க இன்னும் ரெக்கார்ட் ஆபீஸ்னுதான் சொல்லுவாங்க, மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ்ங்கறதுதான் அதோட பழைய பேர். 1911-ல கியூரேட்டரா வந்த ஹென்றி டாட்வெல் காலத்துல பழைய வால்யூம்கள அச்சுல கொண்டு வர்ற வேலை நல்லா நடந்துச்சு, அந்த அச்சுப் புத்தகங்கள்தான் இன்னிக்கும் நமக்கு பெரிய உதவி.

1670கள்ல இருந்து கிழக்கிந்திய கம்பெனியோட டைரி, ஆலோசனைக் குறிப்புகள் இருக்கு. மெட்ராஸ் மாகாணம் முழுசுக்கும் தலைமை இங்கதான் இருந்துச்சுங்கறதால மலபார் பத்தி தேடற கேரளாக்காரங்க, கடலோர ஆந்திரா பத்தி தேடற தெலுங்கு ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் எழும்பூருக்கு வர்றாங்க.

நான் எந்த யூனிவர்சிட்டிலயும் இல்ல, ரிட்டயர்ட் ஆளு. என்ன உள்ள விடுவாங்களா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருது. ஆராய்ச்சி மாணவர்னா கைடுகிட்ட, இல்ல காலேஜ்ல இருந்து ஒரு அறிமுகக் கடிதம், அடையாள அட்டை நகல், போட்டோ எடுத்துட்டு போய் விண்ணப்பம் குடுக்கணும். என்ன தலைப்பு, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்னு அந்தக் கடிதத்துலயே இருந்தா நல்லது. வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு விசா, அனுமதின்னு கூடுதலா வேலை இருக்கு, கிளம்பறதுக்கு ரொம்ப முன்னாடியே எழுதி கேட்டுடுங்க.

தனி ஆளா போறவங்களுக்கு ரெண்டு வழி. ஒன்னு, உள்ளூர் காலேஜ் வரலாற்றுத் துறைலயோ வரலாற்று ஆய்வு அமைப்புலயோ ஒரு கடிதம் வாங்கிக்கறது. இன்னொன்னு, உங்களுக்கு ஒரே ஒரு ஆவணத்தோட நகல்தான் வேணும்னா அதுக்கு தனியா மனு போட்டு கட்டணம் கட்டி வாங்கறது. நிலம், இனாம் (வரி இல்லாம, இல்ல குறைஞ்ச வரிக்கு குடுத்த நிலம்) சம்பந்தமா வர்ற பொதுமக்கள் பெரும்பாலும் ரெண்டாவது வழிலதான் வாங்கறாங்க. கட்டணமும் விதிமுறையும் மாறிட்டே இருக்கும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு கேட்டுடுங்க. அரசு விடுமுறை லிஸ்ட்டையும் பாத்துடுங்க, வெளியூர்ல இருந்து ராத்திரி பஸ் ஏறி வந்து பூட்டின கேட்ட பாத்துட்டு போறவங்க இருக்காங்க.

ஊர் பேர சொன்னா அந்த ஊர் ஃபைல எடுத்து குடுப்பாங்களா?

மாட்டாங்க, ஏன்னா அப்படி ஒரு ஃபைலே கிடையாது. இத ஒன்ன புரிஞ்சுகிட்டா மீதி எல்லாமே சுலபம். ஆவணங்கள் ஊர் வாரியாவோ ஆள் பேர் வாரியாவோ அடுக்கப்படல, எந்த ஆபீஸ் எழுதுச்சோ அந்த ஆபீஸ் பேர்ல, எழுதின வருஷ வரிசைல இருக்கு. உங்க ஊர் ஏரி உடைஞ்ச கதை வேணும்னா, ஏரின்னு தேடக்கூடாது, அந்த வருஷம் ஏரிக்கு யார் பொறுப்புன்னு தேடணும். மாகாணம் முழுக்க நில வரிய பாத்துக்கிட்ட ரெவின்யூ போர்டுக்கு கலெக்டர் எழுதியிருப்பார், போர்டு அரசாங்கத்துக்கு எழுதியிருக்கும், அங்கிருந்து உத்தரவு வந்திருக்கும். ஒரே விஷயம் மூணு எடத்துல பதிவாகியிருக்கும். ஒரு எடத்துல இல்லன்னாலும் இன்னொரு எடத்துல மாட்டும்.

ரெவின்யூ போர்டு 1786-ல ஆரம்பிச்சு 1980-ல கலைக்கப்பட்டது. கிராமத்து ஆளுங்களோட வாழ்க்கை அதிகமா தெரியறது அந்த போர்டு நடவடிக்கைகள்லதான்னு நான் நெனைக்கறேன். வரி கட்ட முடியாதவன் மனு, மிராசுதாருக்கும் பயிர் வைக்கறவனுக்கும் நடந்த சண்டை, பஞ்சத்துல தள்ளுபடி கேட்டது எல்லாம் அங்கதான் இருக்கு. பொலிட்டிகல், பப்ளிக் துறைகள மட்டும் பாத்துட்டு போறவங்க இத தவற விட்டுடறாங்க.

அப்போ போறதுக்கு முன்னாடி வீட்டுல என்ன தயார் பண்ணனும்?

வருஷம், மாவட்டம், துறை இந்த மூணும் கைல இல்லாம போகாதீங்க. வருஷம் சரியா தெரியலன்னா பத்து வருஷத்துக்குள்ள அடக்கிக்கோங்க.

முதல்ல உங்க மாவட்டத்தோட பழைய மேனுவலையும் கெஜட்டியரையும் (அந்த ஜில்லாவப் பத்தி அரசாங்கம் போட்ட விவரப் புத்தகங்கள்) படிங்க. மதுரைக்கு நெல்சன் எழுதினது 1868, திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட் 1879, தஞ்சாவூருக்கு வெங்கசாமி ராவ் 1883, சேலத்துக்கு லெ ஃபானு 1883, கோயம்புத்தூருக்கு நிக்கல்சன் 1887. கெஜட்டியர்ல மதுரைக்கு ஃபிரான்சிஸ் 1906, திருநெல்வேலிக்கு பேட் 1917. இதெல்லாம் நெட்லயே இலவசமா கிடைக்குது. அடிக்குறிப்புல போர்டு நடவடிக்கை நம்பர், அரசாணை நம்பர், தேதி எங்க வந்தாலும் எழுதிக்கோங்க. அந்த நம்பரோட போனீங்கன்னா முதல் நாளே சீட்டு போட்டுடலாம்.

1835 வரைக்குமான மாவட்ட ரெக்கார்டுகளுக்கு மாவட்ட வாரியா வழிகாட்டி வால்யூம்கள் 1930கள்ல அச்சடிச்சிருக்காங்க. கலெக்டர் எழுதின கடிதங்களோட சுருக்கம் அதுல இருக்கும். பழைய காலத்துல தேடறவங்க அதுல இருந்து ஆரம்பிக்கறதுதான் சரி.

இன்டெக்ஸ் புக்க பாத்தா தலை சுத்துது. எப்படி படிக்கணும்?

ஒவ்வொரு துறைக்கும் வருஷா வருஷம் ஒரு இன்டெக்ஸ் இருக்கும், உள்ள விஷயவாரியா தலைப்பு போட்டிருப்பாங்க. அந்தத் தலைப்பெல்லாம் அன்னிக்கு இருந்த குமாஸ்தா மனசுல தோணினது, அதனால நீங்க அவர் மாதிரி யோசிக்கணும். கோயில்னு தேடினா ஒன்னும் வராது, அறநிலையம், இனாம், திருவிழா, போலீஸ், மனுன்னு பல தலைப்புல பாக்கணும். தேர்த் திருவிழால தகராறுன்னா அது ஜுடிஷியல் துறைல போயிருக்கும்.

எழுதிக்க வேண்டியது அரசாணை எண், துறை, தேதி. மூணும் இருந்தாத்தான் சீட்டு செல்லும், ஏன்னா நம்பர் ஒவ்வொரு வருஷமும் ஒன்னுல இருந்து ஆரம்பிக்கும், ஒவ்வொரு துறைக்கும் தனி. 250-ம் நம்பர்னு மட்டும் எழுதினா அது நூறு ஆணைல எதுவாவும் இருக்கலாம்.

பிற்கால ஃபைல்கள்ல நம்பரோட நி.மு., ப.மு., மூ.மு., ஓ.மு.ன்னு இருக்கும். நிரந்தர முடிவு, பத்தாண்டு முடிவு, மூவாண்டு முடிவு, ஓராண்டு முடிவு. ஃபைல எத்தனை வருஷம் வச்சிருக்கணும்ங்கறதுதான் அது. ஓ.மு.ன்னு முடிச்ச ஃபைல் இன்னிக்கும் இருக்கும்னு எதிர்பாக்கறது வீண்.

எங்க ஊர் பேரே இன்டெக்ஸ்ல இல்லயே?

இருக்கும், வேற எழுத்துல இருக்கும். டின்னவெல்லி, டேஞ்சூர், ட்ரிச்சினாப்பலி, டூட்டிகொரின் எல்லாம் பெரிய ஊர்ங்கறதால நமக்குத் தெரியுது, சின்ன கிராமத்த வெள்ளக்கார ஆபீசர் காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பார். ழ-வுக்கு எல் வரும், இல்ல இசட் வரும், சில எடத்துல ஆர் கூட வரும். ஊர் பேர அஞ்சாறு விதமா இங்கிலீஷ்ல எழுதி ஒரு தாள்ல வச்சுக்கோங்க.

அதவிட முக்கியம் மாவட்டம் மாறினது. சிவகாசி, சாத்தூர் 1910 வரைக்கும் திருநெல்வேலி ஜில்லா, அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லா உருவானப்ப அதுக்கு போச்சு, 1985-ல தான் இப்ப விருதுநகர்னு சொல்ற மாவட்டம் வந்துச்சு. கரூர் 1910 வரைக்கும் கோயம்புத்தூர், அப்புறம் திருச்சி. ஈரோடு 1979 வரைக்கும் கோயம்புத்தூர். தர்மபுரி 1965 வரைக்கும் சேலம். உங்க தாலுகா நீங்க தேடற வருஷத்துல எந்த ஜில்லால இருந்துச்சுன்னு தெரியாம இன்டெக்ஸ தொடவே தொடாதீங்க.

எனக்கு நாகர்கோவில் பக்கம். எழும்பூர்ல கிடைக்குமா?

1956 நவம்பர் 1 வரைக்கும் கன்னியாகுமரி பகுதியும் செங்கோட்டையும் திருவிதாங்கூர்ல (1949-ல இருந்து திருவிதாங்கூர்-கொச்சில) இருந்தது, அதனால அதுக்கு முந்தின ரெக்கார்டுக்கு திருவனந்தபுரம் போகணும். அங்க பழைய மலையாள, தமிழ் ஓலைகளும் நிறைய. தஞ்சாவூர் மராட்டிய அரண்மனை கணக்குகள் மோடிங்கற பழைய மராத்தி கூட்டெழுத்துல தஞ்சாவூர்லயே சரஸ்வதி மகால்ல இருக்கு. காரைக்கால், புதுச்சேரின்னா பிரெஞ்சு ரெக்கார்டு, தரங்கம்பாடின்னா டேனிஷ்காரங்க கோபன்ஹேகனுக்கு கொண்டு போனது. ஆண்டது யாரோ அவங்க ஆபீஸ்லதான் காகிதம் இருக்கும், மேல சொன்ன அதே கணக்குதான்.

பசலின்னு ஒரு வருஷம் போட்டிருக்காங்க, அத எப்படி நம்ம வருஷமா மாத்தறது?

பசலி வருஷம் ஜூலை 1-ல ஆரம்பிச்சு அடுத்த ஜூன் 30-ல முடியும். ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும் 590 கூட்டுங்க, ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் 591. பசலி 1300-னா 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரைக்கும். வருவாய்க் கணக்கு எல்லாமே இதுலதான் ஓடும்.

1752-க்கு முந்தின கோட்டை ரெக்கார்டு பாக்கறவங்களுக்கு இன்னொன்னு. அப்ப இங்கிலீஷ்காரங்களுக்கு வருஷப் பிறப்பு மார்ச் 25. அதனால ஜனவரி, பிப்ரவரி தேதிகள்ல 1678/9-னு ரெண்டு வருஷம் போட்டிருப்பாங்க, நம்ம கணக்குல அது 1679.

இனாம் ஃபேர் ரெஜிஸ்டர்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

1858-ல இனாம் கமிஷன் போட்டு, மாகாணம் முழுக்க வரியில்லாமலோ குறைஞ்ச வரிக்கோ அனுபவிக்கற நிலத்த எல்லாம் ஊர் ஊரா விசாரிச்சு எழுதினாங்க. அந்தப் பதிவேடுதான் இது. ஒரு பக்கத்த விரிச்சா இடது ஓரத்துல இருந்து வலது ஓரம் வரைக்கும் கட்டம் கட்டமா போகும். நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, எதுக்காக குடுத்தது, யார் குடுத்தது, முதல்ல வாங்கினவர் யார், இப்ப அனுபவிக்கறவர் பேர், வயசு, உறவு, கடைசில துணை கலெக்டரோட பரிந்துரை, அதுக்கு கீழ கமிஷனர் முடிவு. கோயிலுக்குன்னா தேவதாயம், சத்திரம் தண்ணிப்பந்தல்னா தர்மதாயம், அதுபோக ஊர் வேலை செய்யறவங்களுக்கு குடுத்த ஊழிய இனாம். ஒரு சின்ன ஊர்ல தேவதாசிக்கு, நாதஸ்வரக்காரருக்கு, பூ கட்டறவங்களுக்கு, வெட்டியானுக்குன்னு யார் யாருக்கு எவ்வளவு நிலம் இருந்துச்சுன்னு வரிசையா படிக்கறப்ப அந்த ஊரே கண்ணு முன்னாடி வந்து நிக்கும். எனக்கு இந்த ரெஜிஸ்டர் மேல தனிப் பாசமே உண்டு.

கடைசி ரெண்டு கட்டத்த கண்டிப்பா எழுதிக்கோங்க. டைட்டில் டீட் (உரிமைப் பத்திரம்) நம்பரும், இனாம உறுதி பண்ணாங்களா இல்ல குவிட்ரென்ட்ங்கற சின்ன நிலையான வரி போட்டு விடுவிச்சாங்களாங்கறதும் அங்கதான் இருக்கும். நிறைய பேர் ஊர் பேரையும் பரப்பையும் மட்டும் எழுதிட்டு வந்துட்டு திரும்பவும் அலையறாங்க.

அந்த ரெஜிஸ்டர் நகல் இருந்தா நிலம் எங்களுக்கு வந்துடுமா?

அது மட்டும் போதாது. 1860கள்ல யார் பேர்ல, எந்த நோக்கத்துக்கு இருந்துச்சுன்னு அது நல்லா காட்டும், கோர்ட்லயும் மதிப்பாங்க. ஆனா அதுக்கப்புறம் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், 1963 சின்ன இனாம் ஒழிப்புச் சட்டம் இதெல்லாம் வந்து செட்டில்மென்ட் தாசில்தார் விசாரிச்சு யாருக்கோ ரயத்துவாரி பட்டா (அரசாங்கத்துக்கு நேரா வரி கட்டற உரிமையாளர் பட்டா) குடுத்திருப்பார். அந்த உத்தரவு, பழைய செட்டில்மென்ட் பதிவேடு, ஊர் நிலங்கள சர்வே எண் வாரியா போட்ட அ பதிவேடு, நிலக் கணக்க புதுப்பிச்சு எழுதின யுடிஆர் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கிலியா வரணும். கிரயப் பத்திரம், வில்லங்கம் எல்லாம் சார்பதிவாளர் ஆபீஸ் சமாச்சாரம், எழும்பூர்ல கேக்காதீங்க. கேஸுன்னா சான்றிட்ட நகல்தான் வாங்கணும், நீங்க எழுதிட்டு வந்த குறிப்பு அங்க எடுபடாது. வக்கீல்கிட்ட முதல்லயே என்னென்ன நகல் வேணும்னு எழுதி வாங்கிட்டு போங்க.

கையெழுத்து ஒன்னுமே புரியல, என்ன பண்றது?

முதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான். ஒரே குமாஸ்தா எழுதின பத்து பக்கத்த பொறுமையா பாருங்க, அவர் எழுத்து பழகிடும். தேதி, ஊர் பேர், முடிவுல வர்ற வழக்கமான மரியாதை வாக்கியம் இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சது, அதுல இருந்து எழுத்த அடையாளம் புடிங்க. 1800-க்கு முந்தினதுல எஸ் எழுத்து எஃப் மாதிரி நீளமா இருக்கும்.

கணக்குல வர்ற நாணயங்கள் பகோடா (தங்க நாணயம்), பணம், காசு. நட்சத்திரப் பகோடா ஒன்னு மூன்றரை ரூபாய்னு கம்பெனி கணக்கு, 1818-ல இருந்து ரூபாய்க்கு மாறிட்டாங்க. நிலம் காணில வந்தா ஒரு காணி சுமார் 1.32 ஏக்கர்.

சீட்டு போட்டேன், கிடைக்கவில்லைன்னு திரும்ப வந்துடுச்சு. அவ்வளவுதானா?

இல்ல. முதல்ல நீங்க எழுதினத சரி பாருங்க, துறையோ தேதியோ ஒரு எழுத்து மாறினாலும் இப்படி வரும். சரியா இருந்தும் வரலன்னா, பழைய ஃபைல பின்னாடி வந்த ஃபைலோட சேத்து கட்டியிருப்பாங்க, அடுத்தடுத்த வருஷ இன்டெக்ஸ்ல அதே தலைப்ப பாருங்க. தாள் நொறுங்கற நிலைல இருந்தாலும் வெளிய தரமாட்டாங்க, அது நியாயம்தான்.

அப்புறம் ஊர் பேர் கேள்விக்கு மேல சொன்னது, ஒரே விஷயம் மூணு ஆபீஸ்ல இருக்கும். அரசாணை கிடைக்கலன்னா போர்டு நடவடிக்கைய கேளுங்க. கம்பெனி காலத்து நடவடிக்கைகளோட பிரதி லண்டனுக்கும் போச்சு, அது பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்ல இருக்கு. ஹால்ல இருக்கற ஊழியர்கள்கிட்ட மரியாதையா, என்ன தேடறீங்கன்னு முழுசா சொல்லி கேளுங்க. வருஷக்கணக்கா அந்த அலமாரிகளோட இருக்கறவங்களுக்கு தெரியறது எந்த இன்டெக்ஸ்லயும் இருக்காது.

எங்க கொள்ளுத்தாத்தா பேர் 1901 சென்சஸ்ல இருக்குமா? நேட்டாலுக்கு கப்பல் ஏறினதா சொல்லுவாங்க.

சென்சஸ்ல ஆள் பேர் கிடைக்காது. நம்ம நாட்டுல அச்சுல வந்த மொத்தக் கணக்குதான் இருக்கு, வீட்டு வாரியான படிவம் பாக்கறதுக்கு கிடையாது.

ஆனா ஒப்பந்தக் கூலியா போனவங்களுக்கு நல்ல வழி இருக்கு. நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ மெட்ராஸ்ல இருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ல டர்பன் போய் சேந்துச்சு. அதுல இருந்து போனவங்களுக்கெல்லாம் பேர், தகப்பன் பேர், வயசு, ஜாதி, ஊர், தாலுகா, ஜில்லா போட்டு கப்பல் பட்டியல் தென்னாப்பிரிக்கால இருக்கு. மொரீஷியஸ் போனவங்க பதிவு மோக்கால மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல. ஊர் பேர அங்க கண்டுபுடிச்சுட்டு அப்புறம் எழும்பூர் வந்தா அந்த ஜில்லால அந்த வருஷம் என்ன நடந்துச்சு, ஏன் போனாங்கன்னு தேடலாம். கங்காணி வழியா சிலோனுக்கும் மலேயாவுக்கும் போனவங்களுக்கு இப்படி ஆளாளுக்கு பதிவு கிடைக்கறது ரொம்ப கஷ்டம்.

மொபைல்ல போட்டோ எடுத்துக்கலாமா?

கேக்காம எடுக்காதீங்க. அனுமதி, கட்டணம், எத்தனை பக்கம்ங்கறதெல்லாம் அப்பப்ப மாறும், கவுன்டர்ல கேட்டு அவங்க சொல்ற மாதிரி நகலுக்கு எழுதி குடுங்க. கைல எழுதறதுக்கு பென்சில் வச்சுக்கோங்க, பேனா மை ஒரு சொட்டு விழுந்தா அந்தத் தாளுக்கு மாத்து கிடையாது. எச்சி தொட்டு பக்கம் திருப்பறது, வால்யூம் மேல முழங்கைய ஊனி எழுதறது, கட்டின நூல அவுத்துட்டு அப்படியே விடறது, இத தயவு செஞ்சு பண்ணாதீங்க. தாள் ஓரம் உதிர ஆரம்பிச்சா உடனே நிறுத்திட்டு ஊழியர்கிட்ட சொல்லுங்க.

எல்லாம் ஆன்லைன்ல வந்துடுச்சுன்னு சொல்றாங்களே, நேர்ல எதுக்கு போகணும்?

எல்லாம் வரல. தமிழ் மின் நூலகத்துல கெஜட்டியர், அச்சு நூல்கள், பழைய இதழ்கள் நிறைய இருக்கு. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தோட அபிலேக் படல்ங்கற வெப்சைட்ல தேடிப் பாக்கலாம், மெட்ராஸ் சம்பந்தமா மத்திய அரசுக்கு போன கடிதங்கள் மாட்டும். முதல்ல அங்க தேடுங்க, ரயில் செலவு மிச்சம். ஆனா ஒரு தாலுகால நடந்த சின்ன தகராறு, ஒரு விதவை போட்ட மனு, இதெல்லாம் கைல எழுதின வால்யூம்லதான் இருக்கு, ஆன்லைன்ல தேடல் பெட்டில பேர் போட்டா வராது.

சுதேசமித்திரன் காலத்து பத்திரிகைகள் என்ன எழுதுச்சுன்னு தெரியணும்னா, சுதேசி பத்திரிகைகள் பத்தி அரசாங்கம் தனக்காக வாராவாரம் இங்கிலீஷ்ல சுருக்கி எழுதி வச்ச ரிப்போர்ட் இருக்கு, அத கேளுங்க. மூலப் பத்திரிகை கிடைக்காத எடத்துல அதுதான் கதி. பத்திரிகை, பழைய தமிழ் அச்சு நூலுக்கு தரமணில ரோஜா முத்தையா நூலகமும் போங்க.

எங்க வீட்டுப் பரண்ல கர்ணம் கணக்கு, ஓலை எல்லாம் ஒரு மூட்டை இருக்கு. பழைய பேப்பர்காரனுக்கு போட்டுடலாமா?

தயவு செஞ்சு போட்டுடாதீங்க. 1980-ல கர்ணம் (ஊர் கணக்குப்பிள்ளை), மணியக்காரர் பதவிய எடுத்தப்ப எல்லா கணக்கும் ஒழுங்கா ஆபீஸுக்கு வந்து சேந்துச்சுன்னு சொல்ல முடியாது, வீட்டுலயே தங்கிப் போனது உண்டு. எழும்பூர்ல இருக்கறது மேல போன கடிதம், ஊருக்குள்ள எழுதினது உங்க மூட்டைலதான் இருக்கு.

வெயில்ல காய வைக்காதீங்க, டேப் ஒட்டாதீங்க, லேமினேஷன் கூடவே கூடாது. நிழல்ல மெதுவா தூசி தட்டி, சுத்தமான பருத்தித் துணில சுத்தி, ஈரம் இல்லாத எடத்துல வைங்க. எந்த கட்டு எந்த வரிசைல இருந்துச்சோ அப்படியே விடுங்க, கலைச்சா எந்த வருஷக் கணக்குன்னே தெரியாம போயிடும். ஒவ்வொரு கட்டையும் அதே வரிசைல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஓலைன்னா சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துலயோ தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துலயோ காட்டுங்க. காகிதக் கணக்குன்னா எழும்பூருக்கே ஒரு கடிதம் எழுதி, எந்த ஊர், எந்த பசலி, எத்தனை கட்டுன்னு சொல்லி கேளுங்க. குடுக்கறப்ப யார் குடுத்ததுன்னு எழுதி ரசீது வாங்கிக்கோங்க.